பை-ஹோல் கிளம்ப மறுக்கிறதா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீட்டு நெட்வொர்க் முழுவதற்கும் விளம்பரத்தைத் தடுக்க பை-ஹோல் போட்டவர்கள் என்னிடம் கொண்டுவரும் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒரே ரகம்தான்: நேற்று வரை ஓடியது, இன்று கிளம்பவில்லை. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் எழுதுவதை விட ஒரே இடத்தில் தொகுத்துவிடலாம் என்று இதை எழுதுகிறேன். ராஸ்பெர்ரி பை அல்லது பழைய லேப்டாப்பில் டெபியன், உபுண்டு வகை லினக்ஸ் ஓடுகிறது, பை-ஹோல் 6-ஆம் பதிப்பு (2025 பிப்ரவரியில் வந்தது) இருக்கிறது என்று வைத்துக்கொள்கிறேன். பையின் (பை-ஹோல் ஓடும் அந்தப் பெட்டியின்) ஐபி 192.168.1.5 என்பது உதாரணம், உங்களுடையதைப் போட்டுக்கொள்ளுங்கள். கமாண்டுகளையும் ஃபைல் பெயர்களையும் தமிழில் எழுதியிருக்கிறேன், டெர்மினலில் ஆங்கிலத்தில் அடிக்க வேண்டும்.

வீட்ல யாருக்கும் நெட் வரல. பை-ஹோல்தான் காரணம்னு எப்படி உறுதி பண்றது?

லேப்டாப்பில் டெர்மினலைத் திறந்து 1.1.1.1-க்கு பிங் அடியுங்கள். பதில் வராவிட்டால் லைனே போயிருக்கிறது. பை-ஹோலைத் திட்ட வேண்டாம். 1.1.1.1-இலிருந்து பதில் வந்து, தளத்தின் பெயரைப் போட்டு அடித்தால் மட்டும் வரவில்லை என்றால் கோளாறு டிஎன்எஸ்ஸில், அதாவது பெயரை ஐபியாக மாற்றித் தரும் வேலையில்; உங்கள் வீட்டில் அதைச் செய்வது பை-ஹோல்தான்.

அடுத்து 'என்எஸ்லுக்அப்' கமாண்டில் ஏதாவது ஒரு தளத்தின் பெயரும், பக்கத்தில் பையின் ஐபியும் கொடுங்கள். வரும் பதிலை அப்படியே குறித்து வையுங்கள், பின்னால் வரும் பல கேள்விகளுக்கு அதுதான் ஆதாரம். 'கனெக்‌ஷன் ரெஃப்யூஸ்டு' என்றால் பெட்டி ஓடுகிறது, ஆனால் டிஎன்எஸ்ஸுக்கான 53-ஆம் போர்ட்டில் கேட்க யாரும் இல்லை. 'டைம்டு அவுட்' என்றால் பெட்டியே அணைந்திருக்கலாம், ஐபி மாறியிருக்கலாம், அல்லது ஃபயர்வால் மறிக்கலாம். 'சர்வ்ஃபெயில்', அல்லது வெறும் 'ரெஃப்யூஸ்டு' என்றால் பை-ஹோல் கிளம்பித்தான் இருக்கிறது, வேலைதான் நடக்கவில்லை. அது வேறு நோய், கீழே தனியாக வருகிறது. விண்டோஸில் முதல் இரண்டையும் டைம்அவுட் என்றே காட்டக்கூடும்; பையின் ஐபிக்கு ஒரு பிங் அடித்தால் எது என்று தெரிந்துவிடும்.

பத்து நிமிஷத்துல ஆபீஸ் மீட்டிங். ரிப்பேர் அப்புறம், இப்போதைக்கு நெட் மட்டும் வரணும்!

உங்கள் லேப்டாப்பின் வைஃபை செட்டிங்கில் மட்டும் டிஎன்எஸ் முகவரியைக் கையால் 1.1.1.1 அல்லது 9.9.9.9 என்று மாற்றுங்கள். உடனே வேலை செய்யும். வீடு முழுக்க வேண்டுமானால் ரூட்டரின் டிஹெச்சிபி (சாதனங்களுக்கு ஐபி கொடுக்கும் பகுதி) பக்கத்தில் டிஎன்எஸ்ஸை மாற்றிவிட்டு, ஒவ்வொரு சாதனத்திலும் வைஃபையை அணைத்துப் போடச் சொல்லுங்கள். பழைய முகவரியை அவை கையில் வைத்திருக்கும், தானாக விடாது.

மீட்டிங் முடிந்ததும் பழையபடி மாற்ற மறக்காதீர்கள். 'ஒரு மாசமா விளம்பரம் எல்லாம் வருது, பை-ஹோல் கெட்டுப்போச்சு' என்று வருபவர்களில் ஒரு பகுதி இந்தக் கேஸ்தான்.

பேசாம மறுபடி இன்ஸ்டால் பண்ணிட்டா சரியாகிடாதா?

பெரும்பாலும் ஆகாது. போர்ட்டை வேறு யாரோ பிடித்திருந்தாலோ, எஸ்டி கார்டு பழுதாகியிருந்தாலோ, எத்தனை முறை இன்ஸ்டால் செய்தாலும் அதே இடத்தில்தான் முட்டும். போதாக்குறைக்கு, காரணத்தைச் சொல்லக்கூடிய லாகையும் நீங்களே அழித்திருப்பீர்கள்.

முதலில் 'பைஹோல் ஸ்டேட்டஸ்' அடியுங்கள். பை-ஹோலின் மூளை எஃப்டிஎல் என்ற புரோகிராம். டிஎன்எஸ் கேள்விக்குப் பதில் தரும் டிஎன்எஸ்மாஸ்க் அதற்குள்ளேயே இருக்கிறது. 6-ஆம் பதிப்பிலிருந்து வெப் சர்வரும் அதற்குள்ளேயே. அதனால் சர்வீஸ்களின் நிலையைக் காட்டும் சிஸ்டம்சிடிஎல் 'ஆக்டிவ்' என்று பச்சையில் காட்டினால் புரோகிராம் ஓடுகிறது என்று மட்டும்தான் அர்த்தம். 53-இல் அது கேட்டுக்கொண்டிருக்கிறதா என்பதை 'பைஹோல் ஸ்டேட்டஸ்' தனியாகச் சொல்லும். அதைத்தான் நம்ப வேண்டும்.

பிறகு லாக். வார்/லாக்/பைஹோல் ஃபோல்டரில் 'எஃப்டிஎல் டாட் லாக்' இருக்கும். கடைசி வரியைப் படித்து முடிவுக்கு வராதீர்கள். கடைசியாகக் கிளம்ப முயன்ற நேரத்தைத் தேடிப் பிடித்து, அங்கிருந்து கீழே வரும் முதல் 'எரர்' அல்லது 'கிரிட்' வரியைப் படியுங்கள். அதற்குப் பின் வருபவை பெரும்பாலும் அதன் விளைவுகள். ஃபைலில் புதிதாக எதுவுமே எழுதப்படவில்லை என்றால் 'ஜர்னல்சிடிஎல் -யு பைஹோல்-எஃப்டிஎல்' அடித்துப் பாருங்கள். லாகே எழுத முடியாத நிலை என்றால் அதுவே ஒரு தடயம்.

லாக்ல "ஃபெயில்டு டு கிரியேட் லிசனிங் சாக்கெட் ஃபார் போர்ட் 53: அட்ரஸ் ஆல்ரெடி இன் யூஸ்"னு இருக்கு. யார் யூஸ் பண்றாங்க?

என்னிடம் வருவதில் அதிகம் இதுதான். டிஎன்எஸ் என்றாலே 53-ஆம் போர்ட். ஒரே முகவரியில், ஒரே போர்ட்டில் இரண்டு பேர் உட்கார முடியாது. யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பார்க்க 'சூடோ எஸ்எஸ் -டியுஎல்பிஎன்' அடித்து, அதில் முகவரி ':53' என்று முடியும் வரிகளைப் பாருங்கள். வரியின் கடைசியில் புரோகிராமின் பெயர் இருக்கும். சூடோ போடாவிட்டால் பெயர் தெரியாது. 5353 என்று ஒரு வரி வந்தால் அதைத் தொடாதீர்கள். அது அவாஹி, பிரிண்டர் போன்றவற்றை வீட்டுக்குள் கண்டுபிடிக்கும் சர்வீஸ். அதைக் கொன்றுவிட்டு 'இன்னும் சரியாகல' என்று கேட்டவர்கள் உண்டு.

பெயர் 'சிஸ்டம்டி-ரிசால்வ்டு' என்றால், உபுண்டுவில் வழக்கமாக இருக்கும் டிஎன்எஸ் சர்வீஸ்தான். 127.0.0.53 என்ற முகவரியில் உட்கார்ந்திருக்கும். பை-ஹோலை நேரடியாக நிறுவும்போது இன்ஸ்டாலரே இதை விலக்கிவிடும். டாக்கரில் (புரோகிராமை 'கன்டெய்னர்' என்ற தனி அறைக்குள் ஓட்டும் முறை) ஓட்டினால் அந்த வேலை உங்களுடையது. ஈடிசி/சிஸ்டம்டி ஃபோல்டரில் உள்ள 'ரிசால்வ்டு டாட் கான்ஃப்' ஃபைலில் 'டிஎன்எஸ்ஸ்டப்லிசனர்' என்ற வரியின் முன் இருக்கும் ஹேஷ் குறியை எடுத்துவிட்டு, மதிப்பை 'நோ' என்று மாற்றி, ரிசால்வ்டை ரீஸ்டார்ட் செய்யுங்கள். அந்தக் குறியை எடுக்காமல் மதிப்பை மட்டும் மாற்றிவிட்டு மாற்றமே இல்லை என்று தவிப்பது சகஜம்.

பெயர் 'நேம்டு' என்றால் பைண்ட் என்ற இன்னொரு டிஎன்எஸ் சர்வர். எப்போதோ எதற்கோ போட்டு மறந்தது. 'டிஎன்எஸ்மாஸ்க்' என்றால் இரண்டு வாய்ப்பு. தனி பேக்கேஜாக அது இன்ஸ்டால் ஆகியிருந்தால் தேவையில்லை, எடுத்துவிடலாம். முகவரி 192.168.122.1 என்றிருந்தால் அது விர்ச்சுவல் மெஷின்களுக்காக லிப்விர்ட் ஓட்டுவது. விர்ச்சுவல் மெஷின் தேவைப்படுமானால் அதைக் கொல்ல வேண்டாம். பை-ஹோலின் 'லிசனிங்மோட்' அமைப்பை 'பைண்ட்' ஆக்கி, உங்கள் நெட்வொர்க் இன்டர்ஃபேஸில் மட்டும் கேட்கச் சொல்லுங்கள். இருவரும் அவரவர் இடத்தில் இருப்பார்கள்.

நீங்க சொன்ன மாதிரி ரிசால்வ்டை மாத்தினேன். இப்ப பைக்கே நெட் இல்ல, அப்டேட் கூட ஓடல.

ஈடிசி ஃபோல்டரில் உள்ள 'ரிசால்வ் டாட் கான்ஃப்' இன்னும் 127.0.0.53-ஐக் காட்டிக்கொண்டிருக்கும். அங்கே இப்போது பதில் சொல்ல ஆள் இல்லை. அது நிஜ ஃபைல் அல்ல, ஒரு சிம்லிங்க், அதாவது வேறொரு ஃபைலைக் காட்டும் சுட்டி. அதை ரன்/சிஸ்டம்டி/ரிசால்வ் ஃபோல்டரில் இருக்கும் அதே பெயருள்ள ஃபைலுக்குத் திருப்பிவிட்டால் ரூட்டர் தரும் டிஎன்எஸ் வந்துவிடும்.

இதே சிக்கல் இன்னொரு ரூபத்திலும் வரும். பை தனக்குத் தானே டிஎன்எஸ்ஸாக இருக்கும்படி வைத்திருப்பார்கள். பை-ஹோல் விழுந்த அன்று ரிப்பேர் கமாண்டுக்குத் தேவையான ஃபைல்களை இறக்க டிஎன்எஸ் வேண்டும், அந்த டிஎன்எஸ்ஸோ விழுந்து கிடக்கிறது. அப்போதைக்கு அந்த ஃபைலில் 'நேம்சர்வர் 9.9.9.9' என்று ஒரு வரி போட்டு ரிப்பேரை முடியுங்கள். என்னைக் கேட்டால் பைக்கு மட்டும் எப்போதும் வெளி டிஎன்எஸ் இருப்பதே நல்லது. அதில் உட்கார்ந்து யாரும் விளம்பரம் பார்க்கப் போவதில்லை.

டாக்கர்ல ஓட்டறேன். கன்டெய்னர் கிளம்புது, விழுது, மறுபடி கிளம்புது.

முதலில் போர்ட் சண்டையா என்று பாருங்கள், மேலே சொன்னதேதான். ஹோஸ்டில் ரிசால்வ்டைத் தொட விருப்பமில்லை என்றால் கம்போஸ் ஃபைலில் '53:53' என்பதற்குப் பதில் '192.168.1.5:53:53' என்று ஹோஸ்டின் ஐபியையும் சேர்த்து எழுதுங்கள். 127.0.0.53 அதன் பாட்டில் இருக்கும், பை-ஹோல் இதன் பாட்டில். டிசிபி, யூடிபி இரண்டுக்கும் எழுத வேண்டும்.

கிளம்பி நிற்கிறது, ஆனால் எந்தச் சாதனத்துக்கும் பதில் தரவில்லை என்றால் லிசனிங்மோட்டைப் பாருங்கள். இயல்பாக அது 'லோக்கல்', அதாவது தன் சொந்த சப்நெட்டிலிருந்து வரும் கேள்விக்கு மட்டும் பதில். டாக்கரின் பிரிட்ஜ் நெட்வொர்க்குக்குள் இருந்து பார்த்தால் உங்கள் வீட்டு போன் வெளியாள். 'ஆல்' ஆக்குங்கள். ஆனால் 'ஆல்' வைத்துவிட்டு ரூட்டரில் 53-ஐ வெளியுலகத்துக்கு ஃபார்வர்டு செய்யாதீர்கள். ஊர் பேர் தெரியாதவர்கள் அடுத்தவர்மேல் தாக்குதல் நடத்த உங்கள் லைனைப் பயன்படுத்துவார்கள்.

5-ஆம் பதிப்பிலிருந்து இமேஜை மட்டும் புதுப்பித்தவர்களுக்கு: பழைய என்விரான்மென்ட் வேரியபிள்கள் பல இப்போது செல்லாது. 'வெப்பாஸ்வேர்டு' அதில் ஒன்று. புதியவை எல்லாம் 'எஃப்டிஎல்கான்ஃப்' என்று தொடங்கும்.

போர்ட் காலியாத்தான் இருக்கு. "பேட் ஆப்ஷன் அட் லைன் 3"னு ஒரு எரர்.

இதை விட உதவியான எரர் கிடையாது. எந்த ஃபைல், எத்தனையாவது வரி என்று சேர்த்தே சொல்லும். பெரும்பாலும் ஈடிசி/டிஎன்எஸ்மாஸ்க் டாட் டி ஃபோல்டரில் எங்கிருந்தோ காப்பி அடித்துப் போட்ட ஒரு ஃபைல். அந்த வரியின் முன் ஹேஷ் போட்டுவிட்டு 'பைஹோல்-எஃப்டிஎல் டிஎன்எஸ்மாஸ்க்-டெஸ்ட்' அடியுங்கள். சர்வீஸைக் கிளப்பாமலே இலக்கணம் சரியா என்று சொல்லிவிடும். வெப் பக்கத்திலிருந்து காப்பி செய்யும்போது மேற்கோள் குறி வளைந்த குறியாக மாறிவிடும். கண்ணுக்கு எல்லாம் சரியாகத் தெரியும், அதுவோ ஏற்காது.

இதன் மறுபக்கம்: 6-ஆம் பதிப்புக்கு மாறிய பின் அந்த ஃபோல்டரை பை-ஹோல் இயல்பாகப் படிப்பதே இல்லை. எரர் வராது, உங்கள் அமைப்புகளும் வேலை செய்யாது. 'மிஸ்க்' பகுதியில் 'ஈடிசி_டிஎன்எஸ்மாஸ்க்_டி' என்பதை 'ட்ரூ' ஆக்கினால் படிக்கும். இதுவும் மற்ற அமைப்புகளும் எல்லாம் ஈடிசி/பைஹோல் ஃபோல்டரில் 'பைஹோல் டாட் டோம்ல்' என்ற ஒரே ஃபைலுக்குள் வந்துவிட்டன.

கரண்ட் போய் வந்ததிலிருந்து கிளம்பல. நான் எதையும் மாத்தவே இல்ல.

நீங்கள் மாற்றவில்லை, எஸ்டி கார்டு மாறியிருக்கிறது. எழுதிக்கொண்டிருக்கும் நேரத்தில் கரண்ட் போனால் ஃபைல் சிஸ்டம் அடிபடும். அடிபட்டதைக் கண்டதும் லினக்ஸ் முழு கார்டையும் படிக்க மட்டும் என்று பூட்டிவிடலாம். 'டிஎம்ஈஎஸ்ஜி' கமாண்டில் 'ரீமவுண்டிங் ஃபைல்சிஸ்டம் ரீட்-ஒன்லி' என்று வருகிறதா பாருங்கள். அல்லது 'டச்' கமாண்டால் ஒரு காலி ஃபைல் உருவாக்கிப் பாருங்கள். முடியவில்லை என்றால் பை-ஹோலும் லாகை, டேட்டாபேஸை எழுத முடியாமல் தவிக்கிறது. கார்டைக் கழற்றி வேறு லினக்ஸ் மெஷினில் 'எஃப்எஸ்சிகே' ஓட்டுங்கள். ஒருமுறை சரியாகி ஓடலாம். இரண்டாவது முறையும் பூட்டிக்கொண்டால் கார்டைத் தூக்கிப் போடுங்கள், அதோடு போராடுவது வீண்.

கரண்ட் போகாமலே இது நடந்தால் சார்ஜரைச் சந்தேகப்படுங்கள். பழைய போன் சார்ஜரில் ஓட்டுபவர்கள் நிறைய பேர். பைக்கு வரும் மின்னழுத்தம் 4.63 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் 'அண்டர்-வோல்டேஜ் டிடெக்டெட்' என்று கெர்னல் லாகில் வரும். 'விசிஜென்சிஎம்டி கெட்_த்ராட்டில்டு' அடித்தால் 0x0 வர வேண்டும். 0x50005 என்று வந்தால் இந்த நிமிடமும் மின்சாரம் போதவில்லை, முன்பும் போதவில்லை. பை 4-க்கு 5 வோல்ட், 3 ஆம்பியர் வேண்டும். சார்ஜர் மேல் அவ்வளவு எழுதியிருந்தாலும் மெல்லிய கேபிள் பாதி வழியில் விழுங்கிவிடும். ரூட்டருக்கு வைத்திருக்கும் சின்ன யுபிஎஸ்ஸிலிருந்து பைக்கும் ஒரு லைன் இழுப்பதானால் அது 3 ஆம்பியர் தருமா என்று முதலில் பாருங்கள்.

டிஸ்க் ஃபுல்னு வருது. 16 ஜிபி கார்டு, பை-ஹோல் மட்டும்தான் இருக்கு!

'டிஎஃப் -எச்' அடித்து உறுதி செய்யுங்கள். பிறகு ஈடிசி/பைஹோல் ஃபோல்டரில் 'பைஹோல்-எஃப்டிஎல் டாட் டிபி' எவ்வளவு பெரிது என்று பாருங்கள். வீட்டில் யார் எந்தத் தளத்தைக் கேட்டார்கள் என்ற முழு வரலாறும் அதில்தான். முன்பு இயல்பாக 365 நாள் வைத்திருக்கும். 6-ஆம் பதிப்பில் 91. 'மேக்ஸ்டிபிடேஸ்' மதிப்பைக் குறைத்துக்கொள்ளலாம். போன வாரத்துக்கு முந்தைய வரலாற்றைத் திரும்பிப் பார்க்கும் வீட்டை நான் இன்னும் பார்க்கவில்லை.

"டேட்டாபேஸ் டிஸ்க் இமேஜ் இஸ் மால்ஃபார்ம்டு". எல்லாம் போச்சா?

எந்த டேட்டாபேஸ் என்பதைப் பொறுத்தது. மேலே சொன்ன வரலாற்று ஃபைல் என்றால் சர்வீஸை நிறுத்தி, ஃபைலின் பெயரை மாற்றி வைத்துவிட்டு மறுபடி கிளப்புங்கள். புதிதாக ஒன்றை அதுவே உருவாக்கிக்கொள்ளும். பழைய கிராஃப் மட்டும் போகும்.

'கிராவிட்டி டாட் டிபி' என்றால் கை வைக்கும் முன் ஒரு காப்பி எடுத்துக்கொள்ளுங்கள். தடுப்புப் பட்டியல்கள், நீங்கள் அனுமதித்த தளங்கள், குரூப்கள் எல்லாம் அதில் இருக்கின்றன. 'பைஹோல் -ஜி -ஆர் ரெகவர்' முயன்று மீட்கும். மீட்க முடியாதபோது 'ரெகவர்' இடத்தில் 'ரீகிரியேட்' போட்டால் வெறுமையாகத் தொடங்கும். இரண்டு கேஸிலும் முந்தின கேள்வியின் பதிலைத் தாண்டி, அதற்கு முந்தினதையும் ஒருமுறை படியுங்கள். டேட்டாபேஸ் தானாகக் கெடுவதில்லை, கார்டோ கரண்டோ பின்னால் இருக்கும்.

ரீபூட் பண்ணா கிளம்பல. கையால ஸ்டார்ட் பண்ணா ஜம்முனு ஓடுது.

பை-ஹோல் கிளம்பும் நேரத்தில் நெட்வொர்க் இன்னும் எழுந்திருக்கவில்லை. லிசனிங்மோட் 'பைண்ட்' அல்லது 'சிங்கிள்' என்றிருப்பவர்களுக்கு, அதிலும் வைஃபையில் ஓட்டுபவர்களுக்கு, இது அதிகம் வரும். லாகில் 'அன்நோன் இன்டர்ஃபேஸ்' என்று பார்க்கலாம். 'மிஸ்க்' பகுதியில் 'டிலே_ஸ்டார்ட்அப்' மதிப்பை 10 விநாடி போல வையுங்கள். 300 வரை வைக்கலாம். பூட் ஆன புதிதில் மட்டுமே இந்தத் தாமதம் நடக்கும், பிறகு நீங்கள் ரீஸ்டார்ட் செய்தால் காத்திருக்காது.

இன்டர்ஃபேஸின் பெயர் மாறியிருந்தாலும் இதே எரர்தான், ஆனால் கையால் கிளப்பினாலும் ஓடாது. பையிலிருந்து பழைய லேப்டாப்புக்கு அமைப்புகளை மாற்றியவர்கள் 'ஈடிஎச்0' என்பதையும் சேர்த்துக் கொண்டுபோயிருப்பார்கள். புதிய மெஷினில் அந்தப் பெயரே இருக்காது.

எல்லாம் பச்சை, 53-லயும் கேக்குது. ஆனா எந்த சைட்டும் திறக்கல.

முதல் கேள்வியில் குறித்து வைத்த பதிலை எடுங்கள். 'சர்வ்ஃபெயில்' என்றால் பையில் 'டேட்' அடியுங்கள். பை 4 வரை கடிகார பேட்டரி கிடையாது. பை 5-இல் இடம் உண்டு, பேட்டரி தனியாக வாங்க வேண்டும். நீண்ட நேரம் கரண்ட் இல்லாமல் கிடந்து எழுந்தால் அதற்கு இன்னும் பழைய தேதிதான். டிஎன்எஸ்செக் (பதில்களின் கையெழுத்தைச் சரிபார்க்கும் வசதி) போட்டிருந்தால் கையெழுத்துகளின் தேதி பொருந்தாமல் எல்லாப் பதிலும் நிராகரிக்கப்படும். நேரத்தைத் திருத்த நேர சர்வரின் பெயரைக் கேட்க வேண்டும், அந்தப் பதிலும் நிராகரிக்கப்படும். சுற்றிச் சுற்றி அங்கேயே நிற்கும். டிஎன்எஸ்செக்கைத் தற்காலிகமாக அணையுங்கள், அல்லது நேரத்தைக் கையால் வையுங்கள். நேரம் சரியாக இருந்தும் 'சர்வ்ஃபெயில்' என்றால் அப்ஸ்ட்ரீம் டிஎன்எஸ்ஸை (பை-ஹோல் பதிலுக்குக் கேட்கும் வெளி சர்வரை) மாற்றிப் பாருங்கள்.

'ரெஃப்யூஸ்டு' என்றால் ஒரே சாதனம் 60 விநாடியில் 1000 கேள்விகளைத் தாண்டியிருக்கலாம். அதற்கு மேல் பை-ஹோல் மறுத்துவிடும். எல்லாச் சாதனங்களின் கேள்வியையும் ரூட்டரே வாங்கி அனுப்பும் வீடுகளில் வீடு மொத்தமும் ஒரே சாதனமாகத் தெரியும், வரம்பு சீக்கிரம் வந்துவிடும். 'டைம்டு அவுட்' என்றால் பையில் ஐபியைப் பாருங்கள். ரூட்டர் அதற்கு 192.168.1.9 கொடுத்திருக்கும், சாதனங்கள் 1.5-ஐயே கூப்பிட்டுக்கொண்டிருக்கும். ரூட்டரில் அதன் மேக் முகவரிக்கு ஒரு ஐபியை ரிசர்வ் செய்துவிட்டால் பிறகு இந்தத் தொல்லை இல்லை.

விளம்பரம் தடுக்குது, நெட்டும் ஓடுது. அட்மின் பக்கம் மட்டும் வரல.

5-இலிருந்து 6-க்கு வந்தீர்களா? பழைய பதிப்பில் லைட்டிபிடி என்ற தனி வெப் சர்வர் இருந்தது. மாறும்போது அதை அணைக்காமல் விட்டிருந்தால் 80-ஆம் போர்ட் அதனிடம், பை-ஹோலின் பக்கம் 8080-க்குப் போயிருக்கும். வேறு வேலைக்குத் தேவையில்லை என்றால் லைட்டிபிடியை அணைத்துவிட்டு, பை-ஹோலின் போர்ட்டைப் பழையபடி 80 ஆக்குங்கள். பாஸ்வேர்டு மறந்திருந்தால் 'பைஹோல் செட்பாஸ்வேர்டு'.

எங்க ரூட்டர்ல டிஎன்எஸ் மாத்த இடமே இல்ல. அதனால டிஹெச்சிபியும் பை-ஹோல்தான் குடுக்குது. அது விழுந்தா உள்ளயே நுழைய முடியல.

ஐபி கொடுப்பவரே விழுந்துவிட்டதால் லேப்டாப்புக்கு 169.254 என்று தொடங்கும் முகவரி வந்திருக்கும். அதை வைத்து எங்கும் போக முடியாது. லேப்டாப்பில் கையால் 192.168.1.200, சப்நெட் 255.255.255.0, கேட்வேயாக ரூட்டரின் ஐபி, டிஎன்எஸ் 1.1.1.1 என்று போடுங்கள். இப்போது நெட்டும் வரும், பைக்குள் எஸ்எஸ்எச்சும் போகும். ரிப்பேர் நீளும்போல இருந்தால் ரூட்டரின் டிஹெச்சிபியைத் திறந்துவிடுங்கள், வீட்டில் திட்டு குறையும். பை-ஹோல் திரும்பி வந்ததும் ரூட்டருடையதை அணைக்க வேண்டும். இரண்டும் ஐபி கொடுத்தால் பாதிச் சாதனங்களுக்குத் தடுப்பு இருக்கும், பாதிக்கு இருக்காது.

இவ்வளவு அவஸ்தை எதுக்கு, ரெண்டாவது டிஎன்எஸ்ஸா 8.8.8.8 போட்டு வச்சுட்டா?

இரண்டாவது என்பது முதலாவது விழுந்தால் மட்டும் என்று எல்லாச் சாதனமும் எடுத்துக்கொள்வதில்லை. பல சாதனங்கள் இஷ்டத்துக்கு இரண்டையும் கேட்கும். விளம்பரம் ஒரு நேரம் வரும், ஒரு நேரம் வராது. கோளாறு எங்கே என்றும் பிடிபடாது. இரண்டாவது வேண்டுமானால் அதுவும் பை-ஹோலாக இருக்கட்டும். பழைய பை ஜீரோ போதும்.

எல்லாத்தையும் பார்த்தாச்சு. இப்பவாவது ரீஇன்ஸ்டால் பண்ணலாமா?

லாகில் வரும் முதல் எரர் எது என்று உங்களால் சொல்ல முடிந்தால், செய்யலாம். அதற்கு முன் 'பைஹோல் -ஆர்' கொடுத்து ரிப்பேர் செய்து பாருங்கள். அமைப்புகள் அப்படியே இருக்கும், புரோகிராம் ஃபைல்கள் மட்டும் புதிதாக வரும். கார்டு பழுது என்றால் அதே கார்டில் இதையெல்லாம் முயலவே வேண்டாம்.

புதிய கார்டில் புதிதாகப் போடுவதானால், பழையதில் அட்மின் பக்கம் திறக்கும்வரை டெலிபோர்ட்டரில் ஒரு எக்ஸ்போர்ட் எடுத்து லேப்டாப்பில் வையுங்கள். திறக்கவில்லை என்றால் ஈடிசி/பைஹோல் ஃபோல்டர் முழுவதையும் காப்பி எடுங்கள். புதியதில் இம்போர்ட் செய்த பின் 'பைஹோல் -ஜி' ஒருமுறை ஓட்ட வேண்டும். எக்ஸ்போர்ட்டில் பட்டியல்களின் முகவரிகள்தான் வரும், அவற்றுக்குள் இருக்கும் லட்சக்கணக்கான டொமைன்கள் வராது.